முதல் ஹார்ட்

தெருவில் எனக்கு 'ஹார்ட்டு' என்று பெயர். வலது கையில் இஸ்திரிப்பெட்டி, இடது கைக் கட்டைவிரல் போனில். மொத்தம் நாலு வாட்ஸ்அப் குரூப். யார் எதைப் போட்டாலும் உடனே ஒரு ஹார்ட். படிக்க எங்கே நேரம்? கொஞ்சம் அசந்தால் துணி கருகிவிடும். ஆனாலும் யாரையும் கண்டுகொள்ளாமல் விட்டதில்லை என்று எனக்கு ஒரு பெருமை. பெரிய பெருமை, மண்ணாங்கட்டி!

அண்ணி தவறிப்போன பிறகு அண்ணன் தனியாக இருக்கிறார். இரண்டு பஸ் ஸ்டாப் தூரம்தான். நேரில் பார்த்து ஏழு மாதம் ஆகியிருந்தது. தினமும் காலையில் குடும்பக் குரூப்பில் பூப்படம் போடுவார், நான் ஹார்ட் போடுவேன். அதோடு அன்றைக்குப் பேசியாகிவிட்டது என்று இருந்துவிடுவேன்.

போன சனிக்கிழமை கடைக்கே வந்து நின்றார், கையில் ஒரு வெள்ளைச் சட்டையோடு. இளைத்திருந்தார்.

"வாங்கண்ணே! அதிசயமா இருக்கு. இன்னைக்கு மழைதான் கொட்டப்போகுது!"

"கண் ஆபரேஷன் வியாழக்கிழமைக்குத் தள்ளிப்போச்சுப்பா. அதுக்குத்தான் சட்டை."

"என்ன ஆபரேஷன்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!" என்று எகிறினேன்.

அவர் போனை நீட்டினார். நாலு நாள் முன்னால் போட்ட பூப்படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: 'நாளை காலை எட்டு மணிக்குக் கண் ஆபரேஷன். கூட ஒரு ஆள் இருந்தால்தான் செய்வார்களாம். யாராவது வாருங்கள்.' அதன் கீழே இருபத்துமூன்று ஹார்ட். முதல் ஹார்ட் என்னுடையது.

"தம்பியே போட்டுட்டான், அவன் போயிடுவான்னு மத்தவங்க விட்டுட்டாங்க போல," என்றார். குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. "நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆஸ்பத்திரியில ஒம்போது மணி வரைக்கும் வாசலையே பாத்துட்டு இருந்தேன்."

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். "வியாழக்கிழமை கடையை மூடிட்டு நானே வரேண்ணே. சத்தியமா!"

"வேணாம்பா, பொழப்பைக் கெடுத்துக்காத. ஆள் கிடைச்சாச்சு. ஆஸ்பத்திரி வாட்ச்மேன். அன்னைக்கு எங்கூடவே உக்காந்திருந்தாரு. லீவு போட்டுட்டு வரேன்னுட்டாரு."

தேய்த்த காலரையே மறுபடி மறுபடி தேய்த்தேன். சட்டையை வாங்கிக்கொண்டு எதிரே பஸ் ஸ்டாப்பில் போய் நின்றார். "அண்ணே!" என்று கத்தினேன். காதில் விழவில்லை. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து எதையோ தேடித் தடவிக்கொண்டிருந்தார்.

என் போன் அதிர்ந்தது. அண்ணன்தான். ஒரு ஹார்ட் அனுப்பியிருந்தார்.