சாமிக்குக் கொடுத்த தலை

என் தம்பி மகள் தவமலருக்குப் புழுவெட்டு வந்த வாரத்தில் எங்கள் தோட்டத்து லயத்தில் யார் வீட்டுக் குழம்பிலும் பூண்டு இல்லை. எல்லாம் அவள் தலைக்குப் போய்விட்டது. ஆளாளுக்கு ஒரு பல்லை நசுக்கிக்கொண்டு வந்து, பின்னந்தலையில் ஐம்பது சென் காசு அகலத்துக்கு வழவழவென்று இருந்த இடத்தில் தேய்த்தார்கள். தோல் வெந்து கொப்பளித்ததுதான் மிச்சம். வாசம் ரிங்லெட் வரைக்கும் போய், அங்கே ஏரியில் மீனெல்லாம் பாதி தாளித்த மாதிரி மிதந்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். வேண்டாம். நான் ஆயுசு முழுக்கத் தேயிலைக் கொழுந்து லோரி ஓட்டியவன். ஒருமுறை இஞ்சினை ஒர்க்‌ஷாப்பிலேயே மறந்துவிட்டு மலையில் பாதி ஏறியிருக்கிறேன். அதையும் யாரும் நம்பவில்லை.

எல்லாம் அந்தப் பெயரால் வந்த வினை. யாரோ ஒரு புண்ணியவான் அதற்குப் புழுவெட்டு என்று பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டான். தேயிலைத் தோட்டத்தில் புழு என்றால் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மருந்தடிக்கிற மகேஸ்வரன் முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு வாசலில் வந்து நின்றான்.

“மலரு, செடிக்கு அடிக்கிற மருந்துதான். தண்ணி நெறைய கலந்து ஒரே ஒரு தடவ அடிச்சுப் பாப்போம் லா. புழு செத்துரும்.”

“அடிங்கண்ணே. புழுவும் செத்துரும், நானும் செத்துருவேன். ஒரே குழியா தோண்டிருங்க” என்றாள் தவமலர்.

தோட்டத்துத் தேநீர்க் கடையில் சுற்றுலாக்காரர்களுக்குத் தேநீர் ஊற்றுகிற வேலை அவளுக்கு. லீவு போட்டுவிட்டு ஈப்போவில் ஒரு தோல் டாக்டரிடம் போனாள். துணைக்கு நான். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். புழுவும் கிடையாது, பூச்சியும் கிடையாது. கிருமியை அடிப்பதற்கென்று உடம்பு வைத்திருக்கிற காவல்படை, முடியின் வேரை எதிரி என்று தப்பாக நினைத்து அடிக்கிறது. யாருக்கும் ஒட்டாது. வேர் சாகவில்லை, முடி திரும்பி வரலாம், வந்தது மறுபடியும் கொட்டலாம். உறுதி சொல்ல முடியாது.

“வீட்டுக் காவலுக்கு வச்ச நாயி வீட்டுக்காரனையே கடிக்குது, அவ்வளவுதானே?” என்றேன். டாக்டரம்மா சிரித்தார். கடிபட்டவள் சிரிக்கவில்லை.

வழுக்கையான இடத்தில் பொடிப் பொடியாக ஊசி போட்டார்கள். அங்கே பூனை மயிர் போல் கொஞ்சம் முளைத்தது. முளைத்த சந்தோஷத்தில் இருந்தபோது பக்கத்தில் இரண்டு இடம் போனது. அப்புறம் சீப்பு வைத்த இடமெல்லாம் கையோடு வந்தது. இத்தனை அகலத்துக்கு ஊசி சரிப்படாது என்று டாக்டரம்மா மருந்தை மாற்றினார். ஒட்டிக்கொண்டிருந்த மிச்சத்தை நான்தான் என் சவரக்கத்தியால் வழித்துவிட்டேன். மோசம் சொல்லக் கூடாது, நல்ல வடிவான தலை.

அந்த நேரத்தில்தான் அவள் தம்பி தினேஸ்வரனுக்குக் கல்யாணம் கூடி வந்தது. பெண் தனுஜா, கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. அப்பா அம்மா போனபின் தினேஸ்வரனைப் படிக்க வைத்து ஆளாக்கியது அக்காதான். இவளைக் கேட்டு யாரும் வரவில்லை. அவளும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போட்டதும், மற்ற இரண்டையும் மாப்பிள்ளையின் அக்கா தங்கை போடுவது வழக்கம். நாத்தனார் முடிச்சு. அந்த இரண்டு முடிச்சைத் தவிர அவள் தம்பியிடம் எதையும் கேட்டதில்லை.

பெண்ணின் தாய் வேலம்மா பேச்சுவார்த்தைக்கு வந்தாள். தவமலர் தலையில் துண்டோடு கோப்பி கொண்டுவந்து வைத்துக் குனிந்தாள். துண்டு நழுவி விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வேலம்மா கைகூப்பிக்கொண்டு நின்றாள்.

“முருகா! தம்பி கல்யாணத்துக்கு வேண்டிக்கிட்டு முடி குடுத்தியா தாயி? பொம்பளப் புள்ள, இவ்வளவு முடியையும் குடுக்கிறதுன்னா சும்மாவா!”

தினேஸ்வரன் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன்.

“என் மக கழுத்துல நீதான் தாயி முடிச்சு போடணும். சாமிக்குக் குடுத்த கை” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள் வேலம்மா.

அவள் கார் திரும்பியதும் தவமலர் என் பக்கம் திரும்பினாள். “பெரியப்பா, ஏன் பொய் சொன்னீங்க?”

“நான் எங்கடி சொன்னேன்? வயசானவன் தலை, அதுவா ஆடுச்சு.”

ஆடிய தலைக்கு வாயும் துணை போனது. மாதங்கள் போயும் முடி வளரவில்லையே என்று கேட்டவர்களுக்கு, ஒரு தைப்பூசத்தோடு தீருகிற வேண்டுதல் இல்லை, தொடர் வேண்டுதல் என்றேன். லயத்துப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் கையால் திருநீறு வாங்கிப் பூசினார்கள். பூண்டு தேய்த்த அதே கைகள். அவள் பூசிவிட்டு உள்ளே வந்து, “நாளைக்கு உண்டியல் வெச்சிருங்க பெரியப்பா” என்பாள். அந்த வீட்டில் சிரிப்பு என்று இருந்தது அவ்வளவுதான்.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கையில் அவள் புருவம் உதிர்ந்தது. பின்னாலேயே இமை மயிரும் போனது. முகூர்த்தப் புடவை காட்ட வந்த வேலம்மா, பேச்சை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள்.

“எந்தச் சாமிம்மா புருவத்தையும் கேக்குது?”

என்னிடம் பதில் தயாராக இருந்தது. தைப்பிங் பக்கம் ஓர் அம்மன். சிற்பி புருவம் செதுக்க மறந்துவிட்டான். அதனால் அவள் பக்தர்களிடம் கேட்டு வாங்குகிறாள். நல்ல கதை. வாயைத் திறந்தேன்.

“பெரியப்பா, சும்மா இருங்க” என்றாள் தவமலர். “எனக்கு வியாதி ஆண்ட்டி. புழுவெட்டுன்னு சொல்வாங்களே, அதுதான், உடம்பு முழுக்க. நான் யாருக்கும் வேண்டிக்கல. ஒட்டாது. வேணும்னா டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம்.”

வேலம்மா கோப்பிக் குவளையை மெல்லத் தள்ளி வைத்தாள். கெட்டவள் இல்லை அவள், அதுதான் கஷ்டம்.

“ஒட்டாதுன்னு நீ சொன்னா சரி தாயி. ஆனா சாமிக்கு நீயா குடுத்த தலைன்னா அது வேற. தானா போன தலைன்னா வேற லா. புள்ள கழுத்து. டோப்பா முடி வெச்சு, புருவம் எழுதிக்கிட்டு வா, முன் வரிசையில உக்காரு. முடிச்சு மட்டும் வேற யாராச்சும் போடட்டும்.”

அவள் போனபின் தினேஸ்வரன் வெகுநேரம் கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான்:

“ஏன்க்கா சொன்ன? பெரியப்பா எப்படியாச்சும் சமாளிச்சிருப்பாரு.”

அதுவரைக்கும் தவமலர் அழவில்லை. அப்போதும் அழவில்லை. குவளைகளை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினாள். வேலம்மாவின் குவளையை மட்டும் இரண்டு தரம் கழுவினாள்.

பிரிஞ்சாங்கில் கல்யாண மண்டபம். தவமலர் பட்டுப்புடவையில் வந்தாள். டோப்பா இல்லை, எழுதிய புருவம் இல்லை, தலையில் துண்டு இல்லை. எல்லாக் கண்களும் அவளைத் தொட்டு, சுட்டதுபோல் விலகின. முன் வரிசையில் அவளுக்கென்று விட்டிருந்த நாற்காலியைத் தாண்டிக் கடைசிக்குப் போனாள். கெட்டிமேளம் முழங்கியது. “நாத்தனார் எங்கம்மா?” என்று ஐயர் கேட்டார். தாப்பாவிலிருந்து வந்த ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி எழுந்து போனாள். தினேஸ்வரன் குனிந்தே இருந்தான். தாலியைப் பார்த்துக் குனிந்தான் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். தவமலர் கையிலிருந்த அட்சதையை மற்றவர்களோடு சேர்த்து எறிந்தாள். கடைசி வரிசையிலிருந்து எறிந்தது அவ்வளவு தூரம் போகவில்லை.

பந்தியில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இலை போட்டிருந்தது, ஆள் இல்லை. அவள் கையால் திருநீறு வாங்கிய பெண்கள் எதிர் வரிசையில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சோறு வந்தது. அவள் என் தலையைப் பார்த்தாள், தன் இலையைப் பார்த்தாள்.

“பெரியப்பா, தள்ளி உக்காருங்க. உங்க முடி கொட்டி என் எலையில விழுது.”

“பயப்படாத. ஒட்டாது” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அந்த நரைமுடியை இரண்டு விரலால் எடுத்து இலையின் ஓரத்தில் வைத்துவிட்டு, ரசம் கேட்டாள்.