வெண்ணெய் இல்லாத மேஷ்

என் மேஷுக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு பெயர் உண்டு. பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமையாகவே இருந்தாலும் தப்பில்லை. கல்யாணமாகிப் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிதில், எதிர்வீட்டு ஆங்கிலோ இந்திய டிரைவரின் மனைவி சொல்லிக்கொடுத்தது. உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, சூடான பாலும் வெண்ணெயும் விட்டுக் கிளற வேண்டும். அவ்வளவுதான், ஆனால் எல்லாருக்கும் வராது. ஈஸ்டருக்குக் கோழி வறுவல் பக்கத்தில் மேஷ் இல்லையென்றால் என் வீட்டுக்காரர் சவரிநாதன் தட்டில் கை வைக்க மாட்டார். அவர் ரிட்டயர் ஆகி, கே.கே. நகரில் சொந்த வீடு கட்டி வந்தபிறகும் அது மாறவில்லை.

என் மேஷைத் தொடாத ஆள் ஒரே ஒருத்திதான். என் கொழுந்தன் ரெஜிஸின் மகள் அனிஷா. ஒன்பது வயது. பால் அவளுக்கு ஆகாது. தயிர், நெய், வெண்ணெய் எதுவுமே ஆகாது. அவள் அம்மா லின்சி எந்த விசேஷத்துக்கு வந்தாலும் பிள்ளைக்கு ஒரு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வருவாள். இருபது பேர் என் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அந்தப் பிள்ளை மட்டும் டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதம் சாப்பிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஜாதகம் என்னுடையது. என் வீட்டுச் சாப்பாட்டில் என்ன விஷமா கலந்திருக்கிறது என்று சவரிநாதனிடம் கத்துவேன்.

விஷம் கலக்கவில்லை. அரை ஸ்பூன் வெண்ணெய் கலந்தேன்.

போன ஈஸ்டர் அன்று அனிஷா அடுப்படிக்கு வந்து, "பெரியம்மா, எனக்குக் கொஞ்சம் வெறும் கிழங்கு தனியா மசிச்சுத் தரீங்களா?" என்று கேட்டாள். பின்னால் நின்ற லின்சியும் சரி என்று தலையாட்டினாள். தனிக் கிண்ணத்தில் உப்பு மட்டும் போட்டு மசித்தேன். வறவறவென்று இருந்தது. இதை எந்தப் பிள்ளை தின்னும்? ஒரு துளி என்ன செய்துவிடும், எல்லாம் இந்தக் காலத்து அம்மாக்களின் அலட்டல், பிள்ளை சாப்பிட்டுவிட்டு ஓடியாடி விளையாடட்டும், அப்புறம் லின்சியின் வாயை அடைத்துவிடலாம் என்று நினைத்தேன். அந்தக் கடைசி நினைப்புதான் என்னை இன்றுவரை அறுக்கிறது. அரை ஸ்பூன் வெண்ணெயைப் போட்டு நன்றாகக் குழைத்துக் கொடுத்தேன்.

பத்தே நிமிடம். உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடித்து, பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. ரெஜிஸ் அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் தில்லை நகர் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, மறுநாள்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் லின்சி என்னைப் பார்த்து, "அக்கா, கிழங்குல ஒன்னும்..." என்று இழுத்தாள். "உப்பு மட்டும்தான்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று சொன்னால் அதுவும் பொய்தான். அன்று காலையில் லின்சி புதிதாக ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்திருந்தாள். எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "என்ன எழுதியிருக்குன்னு படிக்க மாட்டியா? பெத்தவதானே நீ?" என்று ரெஜிஸ் அத்தனை பேர் முன்னால் அவளைக் கேட்டான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு ஜெபமாலை உருட்டினேன்.

ஒரு வருடம் ஓடிவிட்டது. இந்த மே மாதம் அனிஷாவுக்குப் புது நன்மை. முதல்முறை நற்கருணை வாங்கும் நாள். விருந்து எங்கள் வீட்டில் என்று அண்ணனும் தம்பியும் முடிவு செய்தார்கள். அனிஷாவே போன் போட்டாள்.

"பெரியம்மா, அன்னைக்கு எனக்கும் எல்லாரையும் மாதிரி மேஷ் வேணும். பால் இல்லாம, ஆனா அதே மாதிரி வழவழன்னு. செய்ய முடியுமா?"

"உங்கம்மா என்ன சொன்னா?"

"பெரியம்மா செஞ்சா சரின்னாங்க."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தக் குடும்பம் இந்த வாசலை மிதிக்காது. அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோகும். சவரிநாதன் என் முகத்தில் முழிக்க மாட்டார். சொல்லாமலே, அந்தப் பிள்ளை ஆசையாகச் சாப்பிடுகிற மாதிரி ஒரு மேஷ் செய்து கொடுத்துவிட்டால் போதும் என்று முடிவு கட்டினேன். என்னை நானே ஏமாற்றிக்கொள்வதில் நான் கெட்டிக்காரி.

காந்தி மார்க்கெட்டில் பழைய கிழங்காகப் பார்த்து வாங்கிவந்தேன். புதுக் கிழங்கு மசியாது. முதல் நாள், வழவழப்பு வரட்டும் என்று வெந்த கிழங்கை மிக்ஸியில் போட்டு ஓட்டினேன். கரண்டியைத் தூக்கினால் கிண்ணமும் கூடவே எழுந்து வந்தது.

"என்ன ராணி, தேர்தல் போஸ்டர் ஒட்டவா?" என்றார் சவரிநாதன்.

"வாயில ஒட்டறேன், காட்டுங்க" என்றேன்.

மறுநாள் தேங்காய்ப்பால். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "ஆப்பம் எங்க?" என்று தேடினார். அதற்கடுத்த நாள் வெறும் எண்ணெய். தொண்டையில் வழுக்கிக்கொண்டு போனதே தவிர ருசி இல்லை. மூன்று நாளும் மிச்சத்தைப் போண்டாவாகப் போட்டுத் தள்ளினேன். நான்காம் நாள் அவர் போண்டாவைக் கண்டதும் பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

குருமாவுக்கு முந்திரி அரைத்துக்கொண்டிருக்கும்போதுதான் புத்தி வேலை செய்தது. முந்திரியை வெந்நீரில் ஊறப்போட்டு, கிழங்கு வெந்த தண்ணீரையே விட்டு மை மாதிரி அரைத்தால்? ஆனால் முந்திரி அவளுக்கு ஆகுமா? ஒரு வருடம் முன்னால் நான் கேட்டிருக்க மாட்டேன். லின்சிக்குப் போன் போட்டேன்.

"முந்திரி சாப்பிடுவா அக்கா. டெஸ்ட்லயும் ஒன்னும் இல்ல. ஆனா வெண்ணெய்க்குப் பதிலா டப்பால விக்கிறதை மட்டும் வாங்கிடாதீங்க. சிலதுல பால் கலந்திருக்கும்" என்றாள். பிறகு மெதுவாக, "கேட்டதுக்கு தேங்க்ஸ் அக்கா" என்றாள்.

கிழங்கைத் தோலோடு உப்புத் தண்ணீரில் வேகவைத்தேன். சூடு பொறுக்காமல் விரலை ஊதிக்கொண்டே தோலை உரித்து, வெறும் சட்டியில் ஒரு நிமிடம் போட்டு ஈரத்தைப் போக்கினேன். மிக்ஸியும் வேண்டாம், மத்தும் வேண்டாம் என்று முறுக்கு உழக்கில் இடியாப்பத் தட்டைப் போட்டுப் பிழிந்தேன். கட்டி ஒன்றுகூட இல்லாமல் பூப்பூவாக விழுந்தது. ஐந்தாறு பல் பூண்டை எண்ணெயில் சிறுதீயில் குழையவிட்டு, அந்த எண்ணெயோடு முந்திரி விழுதையும் ஊற்றி, மரக்கரண்டியால் மெதுவாகப் புரட்டினேன். வாயில் வைத்தேன். கரைந்தது. பாலுமில்லை, வெண்ணெயுமில்லை, ஆனால் மேஷ். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கண் உழக்கின் மேல் போனது. விருந்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுத்தனுப்ப முந்தாநாள்தான் அதில் வெண்ணெய் முறுக்கு பிழிந்திருந்தேன். மர உழக்கு. இருபத்தெட்டு வருடமாக வெண்ணெய் குடித்து மினுமினுவென்று இருக்கிறது. எவ்வளவு தேய்த்துக் கழுவினால் அது போகும்? அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை கவனமாக இருந்தும் இது. லின்சிக்கு ஒன்பது வருடமாக, ஒரு நாளைக்கு மூன்று வேளையும் இது. அவளைப் போய் அலட்டல் என்றேன்.

பெரிய கடைவீதிக்குப் போய் ஸ்டீலில் புது உழக்கு, புதுச் சட்டி, முந்திரி அரைக்கப் புது மிக்ஸி ஜார், புது மரக்கரண்டி, புதுக் கிண்ணம் வாங்கிவந்து, மஞ்சள் துணியில் சுற்றித் தனியாக வைத்தேன்.

புது நன்மை அன்று அனிஷா வெள்ளை கவுனும் தலையில் பூக்கிரீடமுமாக இருந்தாள். பூசை முடிந்து, போட்டோ எடுத்து எல்லாரும் வீடு வந்துசேரப் பதினொன்றரை ஆனது. நான் விடியற்காலையிலேயே, வேறெதையும் தொடுவதற்கு முன்னால், அவளுடைய மேஷைச் செய்து மூடி வைத்திருந்தேன். பந்தி போட ஆரம்பித்தபோது லின்சி அடுப்படிக்கு வந்தாள். பட்டுப்புடவையில் இருந்தாள், ஆனால் முகம் வாடியிருந்தது.

"எதுல செஞ்சீங்கன்னு கேக்க மாட்டேன் அக்கா. உங்க மேல நம்பிக்கை இருக்கு" என்றாள். "என் மேலதான் இல்ல."

"என்னடி பேச்சு இது?"

"போன வருஷம் அந்த பிஸ்கட்டு. நான் படிச்சுதான் வாங்கினேன் அக்கா. மூணு தடவை படிச்சேன். அப்புறமும் அந்தக் கவரைப் பத்திரமா வச்சிருந்து படிச்சுப் பாத்துட்டேன், பால்னு எங்கயும் இல்ல. அப்ப என் கையாலதான் எதுவோ பட்டிருக்கணும். என்னன்னே தெரியல. அதுலேர்ந்து சாதம் வடிக்கிற சட்டியைக்கூட ரெண்டு தடவை கழுவறேன். இன்னைக்கு நீங்க சமைக்கிறீங்கன்னதும்தான் நான் கொஞ்சம் தூங்கினேன்."

கிண்ணத்தை எடுக்க அவள் கையை நீட்டினாள். நான் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"லின்சி, அது நீ இல்ல. நான். அன்னைக்குக் கிழங்குல வெண்ணெய் போட்டேன். அரை ஸ்பூன். உனக்குத் தெரியாம."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்போ நான் இல்லையா?" என்றாள். சிங்க்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "நான் இல்லையா அக்கா?" வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொடுவதற்குத் துணிச்சல் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் எழுந்து முகம் கழுவினாள். "என்னைக் கேட்டது எல்லார் முன்னாடியும். இதையும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க" என்றாள்.

ஹாலுக்குப் போனேன். இருபது பேர், இலையில் பாதிச் சாப்பாடு. சவரிநாதன் வடையைப் பிட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக இந்தக் குடும்பத்தில் சத்தமாகப் பேசுகிறவள் நான்தான். அன்றைக்குக் குரலைத் தேட வேண்டியிருந்தது. போன ஈஸ்டருக்கு அனிஷாவுக்கு வெண்ணெய் கலந்து கொடுத்தது நான், ஆஸ்பத்திரியில் பொய் சொன்னதும் நான், லின்சி மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொன்னேன். சவரிநாதன் வடையை இலையில் வைத்துவிட்டு எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார்.

ரெஜிஸ் என்னைப் பார்க்கவில்லை. லின்சியிடம் போனான். "தப்பு என்னோடது லின்சி. உன்னைக் கேட்டிருக்கக் கூடாது" என்று எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னான். அவள் பையிலிருந்து, வழக்கம்போல் கொண்டுவந்திருந்த டிபன் பாக்ஸை எடுத்து மகளின் முன்னால் வைத்தாள்.

அனிஷா அதைத் திறக்கவில்லை. பூக்கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேணும்னேவா பெரியம்மா?"

ஆயிரம் சமாதானம் நாக்கு நுனி வரை வந்தது. தெரியாமல் செய்தேன், உன் நல்லதுக்குச் செய்தேன், ருசிக்காகச் செய்தேன்.

"ஆமாம்டா. வேணும்னேதான்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள். என் மேஷ் அடுப்படியில் மூடினபடியே இருந்தது. யாரும் கேட்கவில்லை. கேட்கவும் என்ன இருக்கிறது?

நாலு மணிக்கு எல்லாரும் கிளம்பினார்கள். எப்போதும் வாசலில் அரை மணி நேரம் பேச்சு நடக்கும். அன்றைக்கு "வரோம் அண்ணி" என்ற ஒரு வார்த்தையோடு ரெஜிஸ் வண்டியை எடுத்தான். அனிஷா நடுவில் உட்கார்ந்துகொண்டாள். லின்சி ஏறப்போனவள் நின்று, கேட்டுக்குப் பக்கத்தில் திரும்பி வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அவ அந்த மேஷ்தான் வேணும்னு கேக்கறா. இங்க வேணாம். சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க. கையை மட்டும் கொண்டு வாங்க. பாத்திரம், கரண்டி, கிழங்கு எல்லாம் என்னோடதா இருக்கட்டும். நீங்க செய்யும்போது நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன்."

"நில்லு" என்றேன். "பக்கத்துலயே நில்லு."