ஒருவருக்கு ஒரு கேள்வி

1956ஆம் ஆண்டு ஆடி மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்று இருபதுக்குப் பூவம்மாவின் மேல் இறங்கிய அம்மன், முறைப்படி திருப்பி அனுப்ப ஆளில்லாததால், அவளிடமே தங்கிவிட்டாள். மற்றபடி அன்றைக்குச் சிங்கப்பூரில் விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை. நல்ல வெயில். தேக்கா மார்க்கெட்டில் வெண்டைக்காய் விலை சற்று ஏறியிருந்தது.

குற்றம் யாருடையது என்று கேட்டால், சேதுபதியுடையது. துறைமுகத்தில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, பார்த்த இந்த மனிதர், நவசக்தி தரிசனக் குழு என்று ஒன்றை ஆரம்பித்து, வருஷத்துக்கு ஒரு நாள் ஒரே பஸ்ஸில் ஒன்பது அம்மன் கோயில்களைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். அம்மனுக்கு உகந்த நாள் வெள்ளிக்கிழமை. ஆனால் வெள்ளிக்கிழமை ஆபீஸ் இருந்ததால் குழுவுக்கு உகந்த நாள் ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. காலை ஏழுக்குக் கிளம்பினால் மாலை ஐந்துக்குள் ஒன்பதையும் முடித்தாக வேண்டும். கோயிலுக்கு முப்பத்தைந்து நிமிஷம், அதில் செருப்பு தேட ஐந்து. சேதுபதியின் கழுத்தில் விசில் தொங்கும், கையில் தொண்டர் பட்டை இருக்கும், கண் கடிகாரத்தில் இருக்கும். சன்னிதியில் கண்ணை மூடிக் கும்பிடுகிறவர்களைத் தோளில் தட்டி வெளியே அனுப்புவார். பஸ்ஸில் வரும் நாற்பது பேரும் அவருக்கு ஏற்ற பக்தர்கள்தான். எந்தக் கோயில் சர்க்கரைப் பொங்கலில் முந்திரி அதிகம், எந்தக் கோயிலில் மாலை போட்டு மரியாதை செய்தார்கள், எங்கே செய்யவில்லை என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஒன்பது அம்மன்களின் பெயரை வரிசையாகச் சொல்லச் சொன்னால் ஐந்தாவதிலேயே தடுமாறுவார்கள்.

நிகழ்ச்சி நிரலில் நாலாவது கோயிலுக்கு நேராக ‘அருள்வாக்கு, ஏழு நிமிஷம்’ என்று அச்சடித்தே இருந்தது. சேதுபதியின் மனைவி ரத்தினம்மாவுக்கு அங்கே, அந்த ஏழு நிமிஷத்துக்குள், அம்மன் இறங்குவது வழக்கம். ஒருநாளும் தாமதித்ததில்லை. இறங்கிய அம்மனை அனுப்பிவைக்கக் கற்பூரத்தை ஏற்றி நாக்கில் வைக்க வேண்டும்; அதை விழுங்கியதும் அம்மன் மலையேறிவிடுவாள். இந்த ஒரு சடங்கைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று அதுவரை யாரும் பரீட்சை செய்து பார்த்ததில்லை.

பூவம்மா அந்த வருஷம்தான் முதல்முறையாகப் பஸ்ஸில் ஏறினாள். தேக்கா மார்க்கெட்டின் ஓரத்தில் அம்மி போட்டு, மீன் குழம்புக்கும் கறிக்கும் மசாலா அரைத்துக் கொடுப்பவள். புருஷன் செத்து மூன்று வருஷம். அவளுக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. 1950இல் ஒரு சீனப் பெண் தன் பத்து நாள் குழந்தையைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டாள். சீனப் பஞ்சாங்கத்தின் புலி வருஷத்தில் பெண் பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று எவனோ சோசியன் சொன்னானாம். பூவம்மா அதற்குக் கண்மணி என்று பெயர் வைத்து, மொட்டை போட்டு, காது குத்தி, தமிழ் பேசக் கற்றுக்கொடுத்து வளர்த்தாள். ஐந்து வருஷம் கழித்து அதே பெண் திரும்பி வந்தாள். இப்போது ஆண்பிள்ளை பிறந்திருக்கிறதாம், அது நிலைக்க வேண்டுமானால் மூத்தவள் வீட்டில் இருக்க வேண்டுமென்று இன்னொரு சோசியன் சொல்லிவிட்டானாம். கொடுத்ததற்கும் காகிதம் இல்லை, எடுத்ததற்கும் காகிதம் இல்லை. எந்த ஊர், எந்தத் தெரு என்று சொல்லாமல் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து பூவம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாவது கோயிலில் ரத்தினம்மா கொண்டையை அவிழ்த்துத் தயாராக நின்றாள். வரிசையில் முதல் ஆளாகப் பூவம்மா போய், கைகூப்பி, கேள்வியைக் கேட்க வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் அம்மன் இறங்கிவிட்டாள். ரத்தினம்மாவுக்கு வந்த அம்மன் எப்போதும் கத்துவாள், குதிப்பாள். பூவம்மாவுக்கு வந்தவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கூட்டத்தைச் சும்மா பார்த்தாள். இமைக்கவில்லை. ரத்தினம்மாவுக்கு வந்ததே கோபம். கற்பூரப் பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு நேரே போய்ப் பஸ்ஸில் ஏறிவிட்டாள். பூசாரி கற்பூரம் கேட்டார். சேதுபதி கடிகாரத்தைப் பார்த்தார்.

“அடுத்த கோயில்ல பாத்துக்கலாம் சாமி, டைம் ஆச்சு, சாப்பாடு ஆறிப்போயிரும்லா” என்று விசிலை ஊதினார்.

அம்மன் எழுந்துபோய்ப் பஸ்ஸில் பூவம்மாவின் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த கோயில் பூசாரி, எங்கே இறங்கினாளோ அங்கேதான் மலையேற்ற வேண்டும், இங்கே கூடாது என்று கையை விரித்தார். மறு ஞாயிறு நாலாவது கோயிலுக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு முழுப் பொட்டலக் கற்பூரத்தையும் பொரிகடலை தின்பது போல் விழுங்கிவிட்டு அம்மன் சொன்னாள்: “ஒம்பது கோயில் சுத்துறீங்க, ஒண்ணுலயும் நிக்கல. நான் நிக்கிறேன்.”

நின்றுவிட்டாள். பூவம்மா வழக்கம்போல் மார்க்கெட்டுக்குப் போனாள், மசாலா அரைத்தாள், அவள் தூங்கும்போதும் அம்மிக்குழவி தானாக உருண்டுகொண்டிருந்தது. மிளகாய் அவள் கையில் எரியவில்லை. கண் இமைக்காததால் தூசி விழுந்து சிவந்திருக்கும், அவ்வளவுதான் தொந்தரவு. பக்கத்துக் கடைக்காரர்கள் ஒரு மாதத்தில் பழகிவிட்டார்கள். சேதுபதி அதைவிட வேகமாகப் பழகினார். அடுத்த ஆடியில் அச்சடித்த நோட்டீசில், பூவம்மா குடியிருந்த சிராங்கூன் ரோட்டுச் சந்து அறை ‘பத்தாவது தலம்’ என்று இடம்பெற்றது. பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் பஸ் வரத் தொடங்கிற்று. சந்தில் வரிசையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை ரத்தினம்மா ஏற்றுக்கொண்டாள். தனக்கு வர வேண்டிய அம்மனைப் பூவம்மா தட்டிக்கொண்டு போனதாக வரிசையில் நிற்பவர்களிடம் ஒரு தடவைக்கு நாலு தடவை சொன்னாள்.

அம்மனின் சட்டம் எளிமையானது. எதிரே நின்று கேட்பவருக்குப் பதில் உண்டு. ஒரு தடவை வந்தால் ஒருவருக்கு ஒரு கேள்வி. இரண்டாவதைக் கேட்டால் வாயைத் திறக்கமாட்டாள். மகன் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறுவானா, குயின்ஸ்டவுனில் வீடு கிடைக்குமா, குடியுரிமைத் தாள் எப்போது வரும், கொழுந்தன் செய்வினை வைத்தானா என்று கேட்டார்கள். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும் வேகத்தில் அவள் பதில் சொன்னாள், எல்லாம் பலித்தது. கூட்டம் சேர்வதைத் தடுக்க வந்த நகராண்மைக் கழக அதிகாரிகூடத் தன் பதவி உயர்வைப் பற்றிக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

பூவம்மாவின் கதிதான் பரிதாபம். இருந்தது ஒரு வாய். அந்த வாயால் கேட்டால் பதில் சொல்ல வாய் இல்லை. எதிரே நிற்கவும் ஆள் இல்லை. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தாள், தன் குரல்தான் தனக்குக் கேட்டது. நெஞ்சுக்குள்ளேயே பதில் உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சோற்றுப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு பட்டினி கிடந்தாள். அழுதாள். தன்னைத் தேடி வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் கெஞ்சினாள்.

“அக்கா, ஒங்க முறை வரும்போது எனக்காக, கண்மணி எங்க இருக்கான்னு ஒரு வார்த்தை கேளுங்கக்கா.”

“அதுக்கென்ன பூவு, கேட்டாப் போச்சு” என்பாள் ரத்தினம்மா. எதிரே வந்து நின்றதும் மூன்றாம் மாடி வீடு நல்லதா, கீழ்வீடு நல்லதா என்று கேட்பாள். அடுத்த வாரம் புருஷனின் மூட்டுவலி. அதற்கடுத்த வாரம் மருமகளின் வாய்த்துடுக்கு. அவள் ஒருத்தியைக் குறை சொல்லிப் பயனில்லை. வந்த அத்தனை பேரும் சத்தியம் செய்துதான் உள்ளே நுழைந்தார்கள். நுழைந்த பிறகு தங்கள் கேள்வி தொண்டையில் முட்டிக்கொண்டு வந்துவிடும். வெளியே வந்ததும் தலையைச் சொறிந்துகொண்டு, அடுத்த வாரம் நிச்சயம் என்பார்கள். ஒன்பது வருஷத்தில் ஆயிரக்கணக்கான பக்தர்கள். ஊரார் பிள்ளைக்காக ஒரு கேள்வியை விட்டுக்கொடுக்க ஒரு ஜீவனுக்கு மனம் வரவில்லை. இவர்கள் நெற்றியில் அப்பிக்கொண்டு போன குங்குமத்தை வைத்து ஒரு சுவருக்குச் சாயம் அடித்திருக்கலாம்.

1965 ஆகஸ்ட் முதல் தேதி, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. அடுத்த வாரம் நாடே தனியாகப் பிரியப்போகிறது என்பதை அன்று யாரும் கேட்கவில்லை, ஆகவே அம்மனும் சொல்லவில்லை. குழுவின் பஸ்ஸை ஆரம்பத்திலிருந்து ஓட்டியவர் ஒலி முகம்மது, தஞ்சோங் பகாரில் குடியிருந்த கடையநல்லூர்க்காரர். ஒன்பது வருஷமும் சந்து முனையில் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், உள்ளே வந்ததில்லை. அன்றைக்கு ரேடியேட்டர் கொதித்துவிட்டதால், வாளியை எடுத்துக்கொண்டு பூவம்மாவின் அறை வாசலிலிருந்த குழாய்க்கு வந்தார். அந்த நேரம் வரிசை கலைந்திருந்தது; பக்தர்கள் இடியப்பம் சாப்பிடப் போயிருந்தார்கள்.

“பாய், நீங்க ஒண்ணும் கேக்கலையா?” என்றாள் பூவம்மா.

“நமக்குக் கேக்குற இடம் வேற இருக்கும்மா. தண்ணிதான் வேணும்.”

“அப்ப ஒங்க கேள்வி சும்மாதானே கெடக்கு. அதை எனக்குக் குடுங்களேன்.”

ஒலி முகம்மது வாளி நிரம்பும் வரை யோசித்தார். பிறகு குழாயை மூடிவிட்டு அவள் எதிரே வந்து நின்று, கூச்சத்தோடு தொண்டையைச் செருமிக்கொண்டு, “கண்மணிங்கிற புள்ள எங்க இருக்கு?” என்று கேட்டார்.

“பொங்கோல் ரோடு, பத்தாம் மைல் கட்டை, செம்மண் பாதையில திரும்பினா மூணாவது பன்றிப் பண்ணை” என்றாள் அம்மன், ஒரே மூச்சில்.

குழுவின் ஏழாவது கோயிலிலிருந்து அந்த இடம் நாலு மைல்கூட இருக்காது. பூவம்மா இருந்தபடியே எழுந்து பஸ்ஸில் ஏறினாள். ஒலி முகம்மது தண்ணீரை ஊற்றிவிட்டு வண்டியை எடுத்தார். நாற்பது பக்தர்களும் கையில் இடியப்ப இலையோடு சந்து முனையில் நின்று பார்த்தார்கள். சேதுபதி விசிலை ஊதிக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடினார். வேட்டி தடுக்கியதும் நின்றுவிட்டார்.

பண்ணை வாசலில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி கோழி முட்டைகளைத் துடைத்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். காதில் துளை இருந்தது, தோடு இல்லை. கொட்டகைக்குள்ளிருந்து அவளுடைய தாய் எட்டிப் பார்த்தாள், பூவம்மாவை அடையாளம் கண்டுகொண்டாள், தலையைக் குனிந்து மறுபடியும் பன்றித் தீவனத்தைக் கிண்டப் போனாள். பூவம்மா பத்து வருஷமாகச் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் விட்டுவிட்டு, முட்டை வாங்க வந்ததாக மலாயில் சொன்னாள். அந்தப் பெண் தமிழை மறந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

பத்து முட்டைகளை எண்ணி வைத்த பெண், நிமிர்ந்து பூவம்மாவையும், பூவம்மாவுக்கு இடப்பக்கம் வெறுமையாக இருந்த இடத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். சின்ன வயதில் ஓர் இந்தியப் பெண் தன்னை வளர்த்ததாக வீட்டில் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்திருக்கிறது. அதனால் மலாயில் கேட்டாள்:

“உங்க ரெண்டு பேர்ல என்னை வளர்த்தது யாரு?”

கேள்வி எதிரே நின்று கேட்கப்பட்டது, பதில் சொல்லியாக வேண்டும். பூவம்மாவின் வலது கை எழுந்து, விரல் அவள் மார்பையே தொட்டது. “இவதான்” என்றது அவள் வாய். சொல்லி முடித்ததும் அவள் கட்டுப்படுத்த முடியாமல் அழுதாள்.

அந்தப் பெண் உள்ளே போய் இரண்டு முக்காலி எடுத்துவந்து போட்டாள். ஒன்றில் பூவம்மா உட்கார்ந்தாள். பஸ்ஸில் இருந்தபடி பார்த்த ஒலி முகம்மதுவுக்கு மற்றது காலியாகத்தான் தெரிந்தது. பெண் இரண்டு கோப்பைகளில் பாலில்லாத கோப்பி-ஓ கொண்டுவந்து வைத்துவிட்டு, பூவம்மாவின் காலடியில் உட்கார்ந்து மீதி முட்டைகளைத் துடைக்கத் தொடங்கினாள். சற்று நேரத்தில் இரண்டு கோப்பையும் காலியாயின. அவள் இரண்டையும் எடுத்துக் கழுவி வைத்தாள்.