ஐந்து மணியிலிருந்து ஆறு மணிவரை

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் புறப்படாமல் நின்ற பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். முழுக்கச் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டாள். மீதியை எழுதித்தான் பார்க்க வேண்டும். அவளுக்கு ஜானவி என்று பெயர் வைக்கிறேன்.

‘மழை வருவதுபோல் இருந்த ஒரு மத்தியானம், ஜானவி…’ வேண்டாம்.

‘கம்ப்யூட்டர் திரைப் பட்டைகளுக்கும் மூச்சு உண்டென்று…’ அதுவும் வேண்டாம். [அவள் வேலையைச் சொன்னாலே போதும்.]

2

காதுக்கருவி விற்கும் கம்பெனி ஒன்றில் ஜானவி மென்பொருள் எழுதுகிறாள். வாங்கியவர்கள் தினமும் எந்த நேரத்தில், எத்தனை மணி நேரம் கருவியைக் காதில் வைத்திருக்கிறார்கள் என்ற விவரம் அவரவர் போன் வழியாகக் கம்பெனிக்கு வந்துவிடும். முன்பு அதை வாரம் ஒருமுறை இறக்கி, ஆபீஸ் கம்ப்யூட்டரில் வரைபடமாக்குவார்கள். ஜானவி வரைபடத்தை நேரடியாகத் தகவலோடு இணைத்தாள். அதன்பின் திரையில் நீலப் பட்டைகள் தாமாகவே வளர்ந்தன. நகரத்தில் சாலைப் பகுதியிலோ பேட்டைப் பகுதியிலோ ஒருவர் கருவியை மாட்டினால் இங்கே ஒரு பட்டை முளைக்கும். ஊர் மெல்லச் செவி திறப்பதைத் தண்ணீருக்கடியிலிருந்து பார்ப்பதுபோல் அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பட்டைகளுக்கு எண்கள் மட்டுமே இருந்தன. பெயரும் தெரிந்தால் வசதி என்றான் விற்பனை மேலாளர் சிபி. ஜானவி பெயரையும் சேர்த்தாள். நிரலில் ஒரே ஒரு வரிதான். [பஸ்ஸில் இந்த இடத்தைச் சொல்லும்போது அவள் குரல் தாழ்ந்தது.]

3

சாவித்ரி, வீடு ஸ்ரீவராகத்தில். மாலை ஐந்திலிருந்து ஆறுவரை மட்டும் ஒரு குட்டிப் பட்டை. மற்ற நேரமெல்லாம் வெறுமை.

[சிபியை வில்லனாக்கப் பார்த்தேன். அவன் ஒத்துவரவில்லை.] கருவி உறுத்துகிறதோ என்று அவன் நிஜமாகவே கவலைப்பட்டான். ஜானவி பக்கத்தில் இருக்கும்போதே ஸ்பீக்கரில் போட்டு அழைத்தான். எடுத்தவர் சாவித்ரியின் கணவர் நாகேஸ்வரன்.

“சார், மேடம் மெஷின வைக்கதே இல்ல. சாயங்காலம் அஞ்சு தொட்டு ஆறு வர மட்டுந்தான் வைக்காவ. வேதனை வல்லதும் உண்டா, காது வலிக்கா?”



“அது நான் கோவிலுக்குப் போற நேரமாக்கும்” என்றார் நாகேஸ்வரன். போனை வைத்துவிட்டார்.

4

மறுநாள் சாவித்ரியின் பட்டை விடிந்ததுமே முளைத்தது. பதினான்கு மணி நேரம். அடுத்த நாளும் பதினான்கு. ஒரே போனில் காரியம் நடந்துவிட்டதென்று சிபிக்குச் சந்தோஷம். ஜானவியோ அந்தப் பட்டை உயர உயர வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்தாள்.

ஐந்தாம் நாள் அவளே சாவித்ரியின் எண்ணுக்கு அழைத்து, பெயரைச் சேர்த்தது தான்தான் என்று சொல்லிவிட்டாள். சாவித்ரி கோபப்படவில்லை. கணவர் முப்பத்திரண்டு வருஷமாகப் பேப்பரை உரக்க வாசிப்பவர், ரசத்தில் புளி ஏறினதை மூன்றுமுறை சொல்பவர் என்றாள். அவர் கோவிலுக்குப் போகும் அந்த ஒரு மணி நேரம் மட்டும் கருவியை மாட்டி, அவள் பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்பாளாம், ஆட்டோக்காரர்களின் மலையாளத்தைக் கேட்பாளாம், ஒன்றுமில்லாவிட்டால் காற்றையாவது கேட்பாளாம்.

பிறகு குரலை இறக்கிச் சொன்னாள்: “இப்ப அவர் ஒண்ணுமே பேசறதில்லை, குட்டி. எப்பவாவது பேசினாக் கேக்கணுமேன்னு இதை எடுக்காம வெச்சிண்டிருக்கேன்.”

5

(இனி முழுக்க என் கற்பனை.)

ஜானவி வரைபடத்திலிருந்து எல்லாப் பெயர்களையும் எடுத்தாள். காரணத்தைச் சொன்னதும் சிபி நெற்றியைத் தேய்த்துக்கொண்டானே தவிர, தடுக்கவில்லை. அவள் லீவு போட்டுவிட்டு ஸ்ரீவராகத்துக்குப் போனாள்.

ஒரு முடிவில் நாகேஸ்வரன் அவளைத் திட்டி அனுப்புகிறார். இன்னொன்றில் மூவரும் காப்பி குடித்துச் சிரித்து… [எழுதும்போதே கூச்சமாக இருந்தது. அடித்துவிட்டேன்.]

அடிக்காமல் விட்டது இது மட்டும்தான்: கதவைத் திறந்தவர் நாகேஸ்வரன். அவளைப் பார்த்தார். உள்ளே திரும்பினார். பல நாள் பேசாத தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சாவித்ரி, உன்னைத் தேடிண்டு யாரோ வந்திருக்கா.”

கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த சாவித்ரியின் கைகள் நின்றன. கருவி அவள் காதில்தான் இருந்தது. வாசலில் நின்ற ஜானவிக்கே அது தெரிந்தது.

“கேக்கலை” என்றாள் சாவித்ரி, தலை நிமிராமல். “இன்னொரு தரம் சொல்லுங்கோ.”

இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. நாகேஸ்வரன் கதவைப் பிடித்தபடி நிற்கிறார். அவரைப் பேசவைக்க உங்களால் முடிந்தால் பேசவையுங்கள்.