மருந்துக்கடைக்காரரின் கண்ணாடி வயிறு

சபை ஊழியத்துக்காக, பிரசங்கம் செய்ய, வெளிநாடு போன மருந்துக்கடைக்காரர், நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரைக்கும் கண்ணாடியாகித் திரும்பி வந்தார். அதே வாரத்தில்தான் இருமல் டானிக் விலையும் ஏறியது. தெருவில் இரண்டையும் சேர்த்தே பேசினார்கள். டானிக் பேச்சு கொஞ்சம் அதிக நாள் ஓடியது. கண்ணாடி என்றால் ஜன்னலில் போடுகிற கெட்டிக் கண்ணாடி அல்ல. தொட்டால் தோல்தான், வெதுவெதுப்பாக இருக்கும், கிள்ளினால் வலிக்கும். ஆனால் சட்டையைத் தூக்கினால், காலையில் தின்ற ரொட்டி எந்த வளைவில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லிவிடலாம். வலது பக்கத்து ஆபரேஷன் தையல் மட்டும் கண்ணாடியில் விழுந்த கீறல் போல வெள்ளையாக ஓடியது. சட்டை அளவெடுக்கிற சாக்கில் முதலில் பார்த்தவள் எதிர்வீட்டுத் தையல்காரி. "உள்ள ஒண்ணும் விசேஷமா இல்லடி, எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்று ஏமாற்றத்தோடு அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தாள்.

அவருக்கு மாத்திரை பிரதர் என்று பெயர் வந்தது அதற்கெல்லாம் வெகு முன்பு. ஒருமுறை கடையில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். சபையார் கூடி ஜெபித்தார்கள், டாக்டர்கள் அடைப்பை எடுத்தார்கள், இரண்டு தரப்பும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்ததால் ஆள் பிழைத்தார். ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க தினம் ஒரு ரோஸ் நிற மாத்திரை என்று எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல அவருக்கு மூன்று நிமிடம் கிடைத்தது. அன்றைக்குச் சாட்சி சொல்ல ஆள் அதிகம், பாஸ்டர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார். ஆகவே, நேரம் கருதி, டாக்டரை விட்டுவிட்டார். மாத்திரையையும் விட்டுவிட்டார். விழுந்தேன், ஜெபித்தார்கள், எழுந்தேன் என்று முடித்ததும் பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. ஆண்கள் பக்கத்தில் இரண்டு பேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். அதன் பிறகு எத்தனையோ கூட்டத்தில் அரை மணி நேரம்கூடக் கொடுத்தார்கள். விட்டுப்போன டாக்டர் சாட்சிக்குள் திரும்பி வரவே இல்லை. இடம்தான் இருந்தது, அவர்தான் கதவைத் திறக்கவில்லை.

மருந்து விற்கிறவரே மருந்து வேண்டாம் என்று சொன்னால் அதன் எடையே தனி. பாஸ்டர் அவரை ஊர் ஊராகக் கூட்டிப்போனார், மாத்திரை பிரதர் என்ற பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. "வாரத்துல ஆறு நாள் விக்கிறாரு, ஏழாம் நாள் தூக்கிப் போடச் சொல்றாரு. திங்கக்கிழமை திரும்ப வாங்க வர்றவனுக்கும் முகம் கோணாம விக்கிறாரு பாரு, அதுதான் குணம்" என்பாள் தையல்காரி. அவர் மட்டும் தினமும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அட்டையைக் கிழித்து ரோஸ் மாத்திரையை விழுங்கி வந்தார். மனைவிக்குத் தெரியும். வெளிநாட்டுப் பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது மாத்திரைகளைப் பவுடர் டப்பாவுக்குள் போட்டுக்கொடுத்தவளே அவள்தான். "டப்பாவைக் குலுக்காதீங்க, சத்தம் வரும்" என்று மட்டும் சொன்னாள். அதனால் அந்தப் பயணம் முழுக்க மாத்திரை மல்லிகை வாசனை அடித்தது.

அந்த நாட்டில் கூட்டம் நடந்தது டயர் கிடங்கு ஒன்றில். பக்கவாட்டில் டயர்களை அடுக்கி ஒதுக்கிவிட்டு, நடுவில் நாற்காலி போட்டிருந்தார்கள். இவர் பேசப் பேச, நம் மொழி தெரிந்த ஒருத்தர் (அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவர்) மொழிபெயர்த்தார். பாஸ்டர், பாட்டுக்குழு என்று இங்கிருந்து போனவர்களை ஏற்றி இறக்கியது, சொந்தமாக ஒரு சின்ன பஸ் வைத்து ஓட்டும் ஓர் அம்மாள். எல்லாரும் அவளைப் பஸ் அக்கா என்றார்கள். அர்த்தம் தெரியாவிட்டாலும் அவள் திரும்பிப் பார்த்தாள். கனத்த உடம்பு, குறைந்த பேச்சு. மேடைக்கு முன்னால் நீல பிளாஸ்டிக் துணிக்கூடை ஒன்று வைத்திருந்தார்கள். "நானே மருந்து விக்கிறவன், நானே சொல்றேன், தூக்கிப் போடுங்க" என்று இவர் சொல்வார். ஜனங்கள் வரிசையில் வந்து அட்டையும் புட்டியுமாகக் கூடையில் போடுவார்கள். பாஸ்டர் படம் எடுத்துக்கொள்வார். முதல் நாள் கூட்டத்தின் முடிவில் பஸ் அக்காவும் வரிசையில் வந்தாள். அவள் போட்ட புட்டியை இவர் பார்க்காமல் இருந்திருக்கலாம். தொழில் விடுமா? எழுத்து அந்த நாட்டு எழுத்தானாலும், கீழே ஆங்கிலத்தில் இருந்த மருந்தின் பெயர் எங்கும் ஒன்றுதான். இதயம் பலவீனமானவர்கள் உடம்பில் நீர் சேராமல் இருக்கச் சாப்பிடுவது. ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது என்று கடையில் அவரே ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறார். தலையை நிமிர்த்தினார். பஸ் அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமென்" என்றார்.

கடைசி நாள் மதியக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே வலது அடிவயிற்றில் யாரோ கத்தியைச் சொருகித் திருப்பியது போல இருந்தது. முந்தின நாளே லேசாக ஆரம்பித்த வலிதான், வெளியே சொன்னால் மானம் போய்விடும் என்று மென்று விழுங்கியிருந்தார். இப்போது மைக்கோடு தரையில் விழுந்து புரண்டார். வேறு எந்தக் கூட்டமாக இருந்தாலும் தண்ணீர் கொண்டுவந்திருப்பார்கள். இது அபிஷேகக் கூட்டம், ஆவி இறங்கினால் ஆள் விழுந்து புரளுவது வழக்கம். ஆள் புரளப் புரளப் பாட்டு ஏறியது, டிரம் அடிக்கிறவன் வேகம் கூட்டினான். பாஸ்டர் மண்டியிட்டு, மிகச் சரியாக வலிக்கிற இடத்தில் கையை வைத்து அழுத்தினார். இவர் அலறினார், ஜனங்களும் சந்தோஷத்தில் அலறினார்கள். வலிக்குது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. கூடை நிறைய மருந்து எதிரே இருக்கும்போது அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. கடைசியில் பஸ் அக்காதான் மேடை ஏறி, டிரம் மேல் கையை வைத்து நிறுத்தி, ஏதோ சொன்னாள். மொழிபெயர்ப்புக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஆவியில நிறைஞ்சா வேர்க்கும், சரிங்கிறாங்க. உதடு எதுக்கு நீலமாகுதுன்னு கேக்குறாங்க."

பஸ்ஸில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் அவரைப் படுக்கவைத்தார்கள். படுத்த இடத்திலிருந்து அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: பிரேக்கை மிதிக்கும் பஸ் அக்காவின் கால். கணுக்கால் வீங்கி, செருப்பு வாருக்கு மேல் சதை பிதுங்கி நின்றது. வளைவுக்கு வளைவு அவள் மூச்சு விசிலடித்தது. அந்த வீக்கம் எந்தப் புட்டி நின்றதால் வந்தது என்று அந்தப் பஸ்ஸில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். கண்ணை மூடிக்கொண்டார். மூடினாலும் விசில் கேட்டது.

ஆஸ்பத்திரி சின்னது. ஸ்கேன் மிஷின் பழுது. குடல்வால் வெடித்திருக்கும், உடனே திறக்க வேண்டும் என்று டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தே சொல்லிவிட்டார். பிறகு எல்லா நாட்டிலும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா? கட்டிலைச் சுற்றி பாஸ்டர், பாட்டுக்குழு, டிரம் அடிக்கிறவன், மொழிபெயர்ப்புக்காரர். கால்மாட்டில் அவருடைய செருப்பைக் கையில் பிடித்தபடி பஸ் அக்கா. ரத்தம் உறையாமல் வைக்கிற மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அதைச் சொல்லாமல் கத்தி வைக்கக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாதா? மேசையிலேயே வடிந்து போய்விடுவார். தெரியும்.

"இல்லைன்னு சொல்லுங்க" என்றார்.

"ஒண்ணுகூட இல்லையான்னு கேக்குறாங்க."

"ஒண்ணுகூட இல்ல. கர்த்தரோட கிருபை."

"ஸ்தோத்திரம்" என்றது பாட்டுக்குழு.

டாக்டரம்மா சட்டையை விலக்கினார். தொப்புளிலிருந்து தோல் தெளிய ஆரம்பித்தது. பனி படிந்த கண்ணாடியை உள்ளேயிருந்து யாரோ துணியால் துடைத்துக்கொண்டு வருவது போல, சுற்றிச் சுற்றித் தெளிவாகி, கீழே அடிவயிறு, மேலே நெஞ்சுக்குழி வரைக்கும் வந்து நின்றது. ஸ்கேன் மிஷின் இல்லாத இடத்தில் இது எவ்வளவோ சௌகரியம் என்று டாக்டரம்மா விளக்கை இழுத்து அருகில் வைத்துக்கொண்டார். குடல்வால் சிவந்து கிழிந்து கிடந்தது தெரிந்தது. அதற்கு மேலே, இரைப்பையின் அடிப்பாகத்தில், காலையில் விழுங்கிய ரோஸ் மாத்திரை கரையாமல், பொறித்த எழுத்துகூட அழியாமல், நகைக்கடைப் பெட்டியில் வைத்த கல் போல உட்கார்ந்திருந்தது. மல்லிகை வாசனையும் வந்ததாக மொழிபெயர்ப்புக்காரர் பின்னால் சொன்னார். அது மிகையாக இருக்கலாம். டாக்டரம்மா குனிந்து எழுத்தைப் படிக்கப் பார்த்தார்.

பாஸ்டர் முந்திக்கொண்டார். "பெப்பர்மின்ட்டா இருக்கும்."

அந்த நேரத்தில் கூட ஆமாம் என்று சொல்ல இடம் இருந்தது. சொல்லித்தான் இருப்பார். ஆனால் கட்டிலில் மல்லாந்து கிடந்தவருக்கு எதிரே, செருப்பைப் பிடித்திருந்த பஸ் அக்காவின் கை தெரிந்தது. அதற்குக் கீழே, கட்டில் மறைத்த இடத்தில், அந்தக் கால்.

"பெப்பர்மின்ட் இல்ல பாஸ்டர்" என்றார். மாத்திரையின் பெயரையும், எத்தனை வருடமாக என்பதையும் சொன்னார். டாக்டரம்மா ஒரு வசவு விட்டார். அதை மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. ரத்தப்பைக்கு ஆள் ஓடியது. இவர் மொழிபெயர்ப்புக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அக்காகிட்ட சொல்லுங்க. அவங்க கூடையில போட்ட மருந்தை இப்பவே எடுத்துச் சாப்பிடணும். கால் வீங்கியிருக்கு. நிறுத்தவே கூடாத மருந்து அது. மத்தவங்களும் எடுத்துக்கட்டும்."

"எல்லார் முன்னாடியுமா சொல்ல? அப்புறமா, தனியா..."

"எல்லார் முன்னாடியும்தானே போடச் சொன்னேன்."

மொழிபெயர்ப்புக்காரர் சொன்னார். பஸ் அக்கா முதலில் மாத்திரையைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். செருப்பைக் கட்டிலுக்கு அடியில் ஜோடியாக வைத்தாள். சுருக்கமாக ஏதோ கேட்டாள்.

"என்ன சொல்றாங்க?"

மொழிபெயர்ப்புக்காரர் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "புட்டியைப் படிச்சுப் பாத்துட்டுத்தானே ஆமென் சொன்னீங்கன்னு கேக்குறாங்க."

கண்ணாடி வயிறு ஏறி இறங்கியதை எல்லாரும் பார்த்தார்கள். அதற்குள் அவரை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

கூடை, டயர் கிடங்கில் பூட்டிய அறையில் இருந்தது. நம் ஊர்ச் சபையில் காட்டுவதற்காகப் பாஸ்டர் எடுத்துவரத் திட்டம். சாவி பாஸ்டரிடமிருந்து பஸ் அக்காவுக்குக் கைமாறியது. பஸ் படிக்கட்டில் உட்கார்ந்து பஸ் அக்காதான் ஒவ்வொருவருக்கும் அவரவர் புட்டியைத் திருப்பிக் கொடுத்தாளாம். கடைசிப் புட்டி, தன்னுடையது, கையில் இருக்கும்போதே படியில் சாய்ந்துவிட்டாள். அவளையும் அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து எதிர்வார்டில் போட்டார்கள். இவருக்கு நினைவு திரும்பியபோது இரண்டு வார்டுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு இருந்தது. அதன் வழியே அவளுடைய கால் நாளுக்கு நாள் வற்றுவதை அவர் பார்த்துக்கொண்டு கிடந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் இவருடைய வயிற்றில் கஞ்சி இறங்குவதைப் பார்த்தாள். இருவரும் பிழைத்தார்கள். ஆனால் அந்த மயக்கத்தைக் காரணம் காட்டி அவளுக்கு இனி பஸ் ஓட்ட அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பஸ்ஸை விற்றுவிட்டு, இப்போது பஸ் நிலையத்தில் டிக்கெட் கிழிக்கிறாள். அந்தச் செய்தி வந்த அன்று இவர் சாப்பிடவில்லை. பொய்யாகச் சாப்பிட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. மனைவி சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டாள்.

ஊர் திரும்பிய பிறகு வயிறு பழையபடி மூடிக்கொள்ளும் என்று காத்திருந்தார்கள். மூடவில்லை. பாஸ்டருக்கு ஒரு யோசனை வந்தது: இந்தக் கண்ணாடியைச் சபையில் காட்டிச் சாட்சி சொன்னால் எத்தனை பேர் மனந்திரும்புவார்கள். மாத்திரை விஷயத்தை, நேரம் கருதி, விட்டுவிடலாம். மூன்று நிமிடம் கொடுத்தார். மாத்திரை பிரதர் எழுந்து, விட்டுப்போன டாக்டரில் ஆரம்பித்து, பவுடர் டப்பா, நீலக் கூடை, புட்டி, ஆமென் எல்லாவற்றையும் சொன்னார். மூன்று நிமிடம் சரியாக இருந்தது. யாரும் அழவில்லை. ஆண்கள் பக்கம் ஒருவர் தொண்டையைச் செருமினார். பெண்கள் பக்கத்தில் தையல்காரி, "நாளைக்குக் கடை எத்தனை மணிக்குத் திறப்பீங்க?" என்று கேட்டாள். அவளுக்கு ரத்த அழுத்தம் இருப்பதே அன்றைக்குத்தான் தெருவுக்குத் தெரிந்தது.

இதெல்லாம் நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. பாஸ்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். மாத்திரை பிரதர் சபைக்குப் போகிறார், பின்வரிசையில் உட்காருகிறார், ஜெபிக்கிறார். யாராவது பிரசங்கம் செய்யக் கூப்பிட்டால் கடையில் ஆள் இல்லை என்கிறார். சட்டையில் கீழ்ப்பொத்தான்கள் வைப்பதைத் தையல்காரி நிறுத்திவிட்டாள். மருந்து சாப்பிட அடம்பிடிக்கும் கிழவர்களைப் பிள்ளைகள் கடைக்குக் கூட்டிவந்து, அவர் விழுங்கும் மாத்திரை உள்ளே இறங்குவதைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். மழைக்காலத்தில் வயிறு பனி பிடித்து மங்கும். மனைவி பழைய செய்தித்தாளை நனைத்துத் துடைத்துவிடுவாள், "ஷோகேஸைவிட இது சுலபமா சுத்தமாகுது" என்று சொல்லிக்கொண்டே.

காலையில் கடை திறந்ததும் போன் அடிக்கும். திரையில் பஸ் அக்கா, பின்னால் பஸ் நிலையம். இவருக்கு அவள் மொழி தெரியாது, அவளுக்கு இவர் மொழி தெரியாது. முதலில் இவர் ரோஸ் மாத்திரையை எடுத்துக் காட்டி விழுங்குவார். பிறகு சட்டையை விலக்கி, போனைக் கீழே இறக்கிப் பிடிப்பார். வாடிக்கையாளர்கள் காத்திருப்பார்கள், அவசரப்படுகிறவர்களைக்கூட மனைவி கையைக் காட்டி நிறுத்திவைப்பாள். மாத்திரை கழுத்தைத் தாண்டி, நெஞ்சுக்குப் பின்னால் இறங்கி, கண்ணாடிக்குள் தெரிந்து, அடியில் போய் உட்காரும் வரைக்கும் பஸ் அக்கா கண் இமைக்காமல் பார்ப்பாள். அதன் பிறகுதான் தன் மாத்திரையை வாயில் போடுவாள். சிரிக்க மாட்டாள். தண்ணீர் குடித்துவிட்டுப் போனை வைத்துவிடுவாள். இவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அடுத்தவருக்கு என்ன வேண்டும் என்று கேட்பார்.