பெற்றிசியாவின் பின்னால் வந்த வீடு

பேசாலைப் பெற்றிசியாவின் வீடு முதன்முதலாக அவளுக்குப் பின்னால் வெளிக்கிட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை மன்னார் பஸ்ஸில் அவள் ஏறி, யன்னல் பக்கத்தில் இடம் பிடித்து, மடியில் தையல் பெட்டியைத் திறந்த நேரத்தில், வீடு அத்திவாரத்தில் இருந்து மெல்லக் கழன்று, வேலிப் படலையில் இடிபடாமல் ஒருக்களித்துத் தெருவுக்கு இறங்கியது. வள்ளத்தை மணலில் இழுக்கும்போது ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம்தான் வந்தது. விறாந்தைக் கதிரையில் அவளுடைய புருசன் வலன்ரைன் இருந்தபடியே இருந்தார், கையில் ரேடியோ. மீன் கழுவிய தண்ணீரை ஊற்ற வெளியே வந்த அடுத்த வீட்டு றோசம்மா, வேலிக்கு அந்தப் பக்கம் வெறும் நிலமாகக் கிடப்பதைக் கண்டாள். அன்றைக்குத் திருக்கை விலை தாறுமாறாக ஏறியிருந்தது. ஆகவே சந்தைக்குப் போனவள் முதலில் மீன் விலையைப் பற்றித்தான் பேசினாள், வீட்டைப் பற்றிப் பிறகுதான் சொன்னாள்.

பெற்றிசியா மன்னார் பட்டினத்தில் ஒரு கைப்பணி நிலையத்தில் பனையோலையில் பெட்டியும் தொப்பியும் கூடையும் பின்னிப் பின்னியே அறுபது வயதைத் தொட்டவள். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, கேக் வெட்டி, அவளே பின்னிய தொப்பி ஒன்றை அவளுக்கே பரிசாகக் கொடுத்தார்கள். இனி ஓலையைக் கண்ணாலும் பார்ப்பதில்லை என்று அவள் முடிவெடுத்ததற்கு அந்தத் தொப்பியும் ஒரு காரணம். அவளுக்கு உண்மையில் பிடித்தது ஊர் ஊராகப் போவதும், போகிற வழியில் துணி தைப்பதும்தான். எந்த ஊரில் இறங்கினாலும் ஒரு துணிக்கடையில் நுழைந்து வெட்டுத்துண்டு வாங்காமல் திரும்ப மாட்டாள். மதவாச்சியில் வாங்கிய துண்டு செட்டிகுளம் வருவதற்குள் தலையணை உறையாகிவிடும். வாகனம் ஓடும்போதுதான் தனக்குத் தையல் நேராக வருகிறது என்று அவள் சொல்வாள். அதை நம்பாத கொண்டக்டர் ஒருவர் மேசையில் வைத்துத் தைத்த கைலேஞ்சியையும் பஸ்ஸில் தைத்த லேஞ்சியையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, பிறகு டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார். வீட்டு யன்னல் சீலைகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊர்த் துணி. காற்றடிக்கும் நாளில் குருநாகலும் வவுனியாவும் கிளிநொச்சியும் ஒன்றோடொன்று அடிபட்டுக்கொள்ளும்.

வலன்ரைன் வேறு மாதிரி ஆள். தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குப் பயந்து ஊரே ஓடியபோது அவரும் பெற்றிசியாவும் வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வள்ளத்தில் ஏறி இந்தியாவில் மண்டபம் முகாமுக்குப் போனவர்கள். பின்னேரம் வந்துவிடலாம் என்ற மாதிரித்தான் போனார்கள். திரும்பி வர ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது. வந்தபோது கதவு இல்லை, ஆனால் திறப்பு இருந்தது. கூரை இருந்த இடத்தில் வானமும் குசினிக்குள் ஒரு வடலிப் பனையும் நின்றன. வலன்ரைன் ஓடு ஓடாகத் தானே ஏற்றினார். வீட்டை மந்திரிக்கப் பங்குச் சுவாமி வந்த அன்று, தீர்த்தம் தெளித்து முடிந்ததும், இனி இதைத் தனிய விட்டுவிட்டு ஊர் தாண்ட மாட்டேன் என்று சுவாமிக்கு முன்னால் சொன்னார். பலர் அப்படிச் சொல்வதுண்டு. அவர் சொன்னபடி நடந்தார். கோயிலும் கடற்கரையும் தவிர வேறெங்கும் போகவில்லை. பிள்ளைகளும் இல்லாததால் எவரும் வந்து இழுக்கவுமில்லை. பெற்றிசியா வேலைக்குப் போன காலமெல்லாம் வீடு அசையாமல் இருந்தது. வேலை என்றால் போகத்தானே வேண்டும் என்று அதுவும் நினைத்திருக்கலாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமைப் பிழைக்கு ஊர் ஒரு காரணம் கண்டுபிடித்தது. உடுத்த துணியை உடம்போடு வைத்துத் தைக்கக் கூடாது. அவசரத்துக்குத் தைத்தே ஆகவேண்டும் என்றால் வாயில் ஒரு நூல்துண்டைக் கடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாத ஒன்றும் சேர்ந்து தைபட்டு வந்துவிடும். இது அந்தப் பக்கத்தில் கன்னிப் பெண்ணுக்கும் தெரியும், கிழவிக்கும் தெரியும். பெற்றிசியாவுக்கும் தெரியும். ஆனால் அன்று படலையில் சேலைக் கரை மாட்டிக் கிழிந்த நேரம், சந்தியில் பஸ் கோர்ண் அடித்தது. அவள் திரும்ப ஓடிவந்து யன்னலோரத்தில் நின்றபடி நாலு தையல் போட்டாள், நூலைக் கடிக்க மறந்துபோனாள், போதாததற்கு யன்னல் சீலையின் நூல் ஒன்றையும் சேர்த்துக் கோத்துவிட்டாள். அந்த நூல்தான் வீட்டை இழுத்துக்கொண்டு போனதென்று எல்லோரும் சொன்னார்கள். அன்று பின்னேரமே றோசம்மா கத்தரிக்கோலோடு வந்து நூலை அறுத்தாள். சேலையை எரித்தார்கள். யன்னல் சீலையைக் கடலில் விட்டார்கள். அடுத்த கிழமை பெற்றிசியா மடுவுக்குப் போக, வீடும் பின்னால் வெளிக்கிட்டது.

எதற்கும் பழகிப்போகிறவர்கள் மனிதர்கள். பஸ்ஸுக்குப் பின்னால் வீடும் வீட்டுக்குப் பின்னால் லொறிகளும் வரிசையாக வந்தன. ஓவர்டேக் பண்ண முடியாதவர்கள் கோர்ண் அடித்தார்கள், வலன்ரைன் விறாந்தையில் இருந்து கையைக் காட்டி வழி விட்டார். மன்னார்த் தீவை அக்கரையோடு சேர்க்கும் பாலத்துக்கு இப்புறம் வீடு தானாக ஒதுங்கி நின்றுவிடும். அங்கே காவலில் இருந்த ஆமிக்காரர் முதல் நாள் சந்தேகத்தோடு உள்ளே எட்டிப் பார்த்தார், வலன்ரைன் யன்னலால் அடையாள அட்டையை நீட்டினார், அதற்குமேல் கேட்பதற்குச் சட்டத்தில் ஒன்றும் இருக்கவில்லை. பெற்றிசியா பட்டினம் தாண்டி அக்கரைக்குப் போய் ஊர் பார்த்துவிட்டுப் பின்னேரம் வந்து பாலத்தடியில் இறங்குவாள். வலன்ரைன் சொதி வைத்துச் சோறு வடித்து வைத்திருப்பார். இருவரும் சாப்பிட, வீடு பேசாலைக்குத் திரும்பும். எண்ணெய் இல்லாமல் பஸ்ஸும் வள்ளமும் நின்ற வருசத்தில் பெற்றிசியா தெருவில் நடந்து காட்டினாலே வீடு வெளிக்கிடும் என்று ஊரார் கண்டுபிடித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கர்ப்பிணிகள், சந்தைக்குப் போகும் பெண்கள் எல்லாரும் முன்னறையில் பாய் விரித்து இருந்துகொண்டு போனார்கள். அந்த வருசம் ஊர் அதிகாரியான விதானையார்கூட ஒருமுறை குசினி வாசலில் குந்திக்கொண்டுதான் கந்தோருக்குப் போனார்.

பெற்றிசியாவுக்கோ வெட்கமாக இருந்தது. ஊரெல்லாம் பார்க்க வீட்டை இழுத்துக்கொண்டு திரிகிறவள் என்று பேர் வந்துவிட்டதே என்று மனம் நொந்தாள். பாலத்தடியில் வீடு காத்து நிற்க, இரவு தங்குகிற பயணம் ஒன்றும் போக முடியவில்லை. அவள் போக ஆசைப்பட்டதோ நுவரெலியாவுக்கு. பிறந்ததில் இருந்து கச்சான் காற்றிலும் உப்பு வெயிலிலும் வெந்தவளுக்கு, வாயைத் திறந்தால் புகை வருகிற ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்தாலோ வலன்ரைன் துருவித் துருவி விடுப்புக் கேட்பார். எந்தப் பக்கத்து யன்னலில் இருந்தாய், வழியில் குளத்தில் தண்ணி கிடந்ததா, பக்கத்தில் இருந்தது ஆர், கடையில் குடித்த பிளேன்ரீ எப்படி. ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு ரேடியோவைத் திருகத் தொடங்குவார். கணக்குப் பார்க்கிறார், மறித்துக் காட்டுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கடைசியில் ரோசம் வந்து பயணத்தையே நிற்பாட்டிவிட்டாள். மழைகாலம் முழுவதும் வீட்டுக்குள் இருந்து தைத்தாள், தையல் எல்லாம் கோணல். தலையணை உறைக்கு மூன்று மூலை வந்தது. சாப்பாடு இறங்கவில்லை. வீடும் வாடிப்போனது, கதவுகள் இறுகின, மழைக்கு ஒழுகாத கூரை பனிக்கு ஒழுகியது. வலன்ரைன் ரேடியோவைப் போடுவதை விட்டுவிட்டார். அந்த இருவருக்கும் அப்படி ஒரு துக்கம் அகதியாய்ப் போன காலத்திலும் இருந்ததில்லை.

பாப்பாமோட்டைப் பூமணி வந்துதான் அதை உடைத்தாள். கைப்பணி நிலையத்தில் பெற்றிசியாவுக்குப் பக்கத்தில் இருந்து பின்னியவள், வயலும் மாடும் உள்ள வீட்டுக்காரி, எதையும் நேரே பேசுகிறவள். அறுவடை முடிந்த கையோடு வந்து, நுவரெலியாவுக்கு அறை பிடித்தாயிற்று, வெளிக்கிடுங்கள் என்றாள். பெற்றிசியா முதலில் மாட்டேன் என்றாள், பிறகு பெட்டியை அடுக்கினாள். விடிய, வாசலில் நின்று வழக்கம்போல உள்ளே பார்த்து, போட்டு வாறன் என்றாள். வலன்ரைன் தலையை ஆட்டினார். பஸ் வெளிக்கிட்டது. வீடும் வெளிக்கிட்டது.

பாலம் வந்தது. எப்போதும் ஒதுங்குகிற இடத்தில் வீடு அன்றைக்கு ஒதுங்கவில்லை. பாலத்து அகலத்துக்கு அது அடங்காது என்று அதற்கே தெரிந்திருக்க வேண்டும், கரையால் சரிந்து கடலுக்குள் இறங்கியது. அங்கே ஆழமில்லைத்தான், என்றாலும் மண்ணும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய சுவர். நாரைகள் விலகிப் பறந்தன. பெற்றிசியா யன்னலால் பார்த்தபோது தண்ணீர் விறாந்தைக்கு மேல் வந்துவிட்டது. வலன்ரைன் காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். இவ்வளவு கட்டி எழுப்பிய வீடு உப்புத் தண்ணியில் கரையப்போகிறது, அதற்குள் அவளுடைய மனுசன் இருக்கிறார். பஸ்ஸை நிற்பாட்டச் சொல்லி எழும்பினாள், நூலை அறுத்தும் இந்தச் சனியன் விடுகுதில்லையே என்று அழுதாள்.

பூமணி அவளுடைய கையைப் பிடித்தாள்.

"அக்கா, நூல் எப்பவோ அறுந்து போட்டுது. வீடு உங்களுக்குப் பின்னால வரேல்லை. அண்ணைதான் வாறார். வீட்டைத் தனிய விட்டிட்டு வரமாட்டன் எண்டு சொன்ன மனுசன், அதையும் கொண்டெல்லோ வாறார்."

பெற்றிசியா மறுபடி யன்னலால் எட்டிப் பார்த்தாள்.

"ஒருநாளாவது அவரை வாங்கோ எண்டு கேட்டனீங்களோ?" என்றாள் பூமணி.

பெற்றிசியா யோசித்துப் பார்த்தாள். எத்தனை ஊர், எத்தனை பஸ். வாசலில் நின்று ஒவ்வொரு முறையும் சொன்னது போட்டு வாறன் என்பது மட்டும்தான். வரமாட்டார் என்று தெரிந்தவரைக் கேட்பானேன் என்று இருந்துவிட்டாள். எந்த யன்னலில் இருந்தாய், பிளேன்ரீ எப்படி என்று அந்த மனுசன் கேட்டதெல்லாம் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பஸ் நின்றிருந்தது. இறங்கிப் பாலத்துக் கம்பியடிக்கு ஓடினாள். கீழே வீடு நின்றுவிட்டது. யன்னல் சீலைகளின் அடி நனைந்து மிதந்தது.

"இஞ்சருங்கோ," என்றாள். "நுவரெலியாவுக்கு வாறீங்களோ?"

வலன்ரைன் தண்ணீரைக் குனிந்து பார்த்தார். கதிரைக்குக் கீழே திரளி மீன் குஞ்சுகள் ஓடின.

"நான் சுவாமிக்கு முன்னால சொன்னனான்," என்றார்.

"வீட்டை விடச் சொல்லி ஆர் கேட்டது? வாங்கோ எண்டுதான் கேட்டனான்."

"அங்க குளிருமாம்."

"குளிரும்தான். என்னட்டைத் தடிச்ச துணி கிடக்கு. போற வழியில உங்களுக்குச் சட்டை தைக்கிறன்."

"ஓம், அப்ப வாறன்," என்றார் வலன்ரைன்.

பஸ்காரருக்கு நேரமாகிவிட்டது, அவர்களுடைய பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். பெற்றிசியாவும் பூமணியும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, விறாந்தையால் ஏறினார்கள். வீடு மறுபடி நகர்ந்து தள்ளாடிக் கரையில் ஏறியது. வாங்கோ என்று கேட்டு அழைத்துக்கொண்டு போகிற பயணத்தில் சுவர் கரைவதில்லை போலும், ஒரு கல்லும் கழலவில்லை. யன்னல் மட்டத்துக்கு உப்புக் கோடு ஒன்று மட்டும் விழுந்தது, அதற்கு மேல் எந்த வண்ணம் பூசினாலும் பிடிக்கவில்லை. மதவாச்சி தாண்டினார்கள், தம்புள்ளையில் வெங்காயம் மலிவு என்று பூமணி நிற்பாட்டி வாங்கினாள். வீடு ஓடுகிற வீடு என்பதால் பெற்றிசியாவின் தையல் நேராக வந்தது. கண்டிக்கு மேலே மலை ஏறும்போது குசினிப் பாத்திரங்கள் எல்லாம் பின் சுவருக்கு உருண்டன. வலன்ரைன் இடப்பக்க யன்னலில் இருந்து வலப்பக்க யன்னலுக்கும் அங்கிருந்து இடப்பக்கத்துக்கும் மாறிக்கொண்டே இருந்தார். நுவரெலியாவில் தேயிலைச் சரிவோரம் ஓரிடத்தில் வீடு நின்றது. புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று அவர் வாயைத் திறந்தார், புகை வந்தது. பெற்றிசியாவும் திறந்தாள். வயதுபோன இரண்டு பேரும் அப்படியே நின்று வாயால் புகை விட்டு விட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத் தான் அதற்கு முன் கேட்டதில்லை என்று பூமணி பாப்பாமோட்டையில் இன்றைக்கும் சொல்கிறாள். பிடித்து வைத்த அறையில் அவள் தனியே படுக்க வேண்டியிருந்ததுதான் அவளுக்கு ஒரே குறை.

அதற்குப் பிறகு பதுளை, திருகோணமலை, காலி என்று அவர்கள் போகாத இடமில்லை. முள்ளிக்குளம் கோயில் பெருநாளுக்கு ஒருமுறை போய், சனக்கூட்டத்துக்கு இடம் பற்றாமல் போக, தங்குவதற்கு இரண்டு குடும்பத்துக்கு முன்னறையைக் கொடுத்தார்கள். பேசாலையில் அந்த வளவு சில கிழமைகளில் வெறும் நிலமாகக் கிடக்கும், வெயில் ஏறினால் கழுதைகள் வந்து படுத்துக்கொள்ளும். மின்சார மீற்றர் பார்க்க வந்த புதிய ஆள் ஒருநாள் அங்கே நின்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, இங்கே இருந்த வீட்டைக் காணவில்லையே என்று வேலியால் கேட்டார். றோசம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.

"பயணம் போட்டினம்," என்றாள்.