ஆறாத உருளை

விடியும்போதே உருளை சுற்றிக்கொண்டிருந்தது. அறுபதடி இரும்பு, சற்றே சாய்ந்த படுக்கை. மேல் முனையில் ஈரப் பாஸ்பேட் மண் விழும். உள்ளே பற்றவைத்த தகடுகள் அதை அள்ளித் தூக்கி உச்சியிலிருந்து மழைபோலக் கொட்டும். எண்ணெய் அடுப்பின் அனல் அந்த மழைக்குள் புகுந்து ஈரத்தை உறிஞ்சும். கீழ் முனையில் உலர்ந்த தூள் பெல்ட்டில் ஏறிக் கப்பலுக்குப் போகும். ஈரத்தோடு ஏற்றினால் கப்பல் அறையிலேயே இறுகிவிடும். ஆஸ்திரேலியக் கோதுமை வயல்களுக்கு உரமாவதற்கு முன் நவ்ரு தீவின் மண் இங்கே காய்ந்தாக வேண்டும்.

பவுரோ கீழ் முனை ஆள். கிரிபாஸ் தீவுக்காரன், ஒப்பந்தத்தில் வந்து நாலு வருஷம். மேல் முனையில் முன்பு தெகாய் நின்றான். அறுபதடி தள்ளி இரைச்சலில் பேச்சுக் கேட்காது என்பதால் இருவரும் கையசைத்துக்கொள்வார்கள். போன மாதம் தகடுகளில் மண் அப்பிக்கொண்டபோது, சூடு ஆறுமுன் தெகாயை உள்ளே சுரண்ட அனுப்பினார்கள். வெந்த பாளம் பெயர்ந்து அவன் முதுகில் விழுந்தது. புண் காயுமுன்னே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பின் இரண்டு முனைகளுக்கும் பவுரோ ஒருவன்தான். நாள் முழுக்க வாயைத் திறக்காமல் நடந்துகொண்டிருப்பான்.

அன்று காலை தூள் ஈரமாக வந்தது. தகடுகளில் மறுபடி மண் அப்பியிருந்தது. மேற்பார்வையாளர் ஹார்லன் வந்து இரைச்சலுக்கு மேல் கத்தினார்.

"அடுப்ப அணை பவுரோ. அரை மணி நேரம் கழிச்சு நிறுத்திட்டு உள்ள போய்ச் சுரண்டு."

"ஆறு மணி நேரம் ஆறணும் பாஸ். சூட்டோட நிறுத்தினா உருளையே வளைஞ்சிரும். சுத்திக்கிட்டேதான் ஆறணும்."

"எனக்கே பாடமா? கப்பல் வெளிய நிக்குது."

"தெகாய்கிட்டயும் இதத்தான் சொன்னீங்க."

"போறியா, இல்ல மூட்டை கட்டிக்கிட்டு ஊருக்குப் போறியா?"

பவுரோ அசையவில்லை. ஹார்லன் பெல்ட் பக்கம் திரும்பினார்.

"லோட்டோ! நீ வா."

எப்போதும் இப்படித்தான். கிரிபாஸ்காரன் மறுத்தால் எங்களை, துவாலுக்காரர்களைக் கூப்பிடுவார்கள். நாங்கள் மறுத்தால் அவர்களை. பெல்ட்டில் நாங்கள் ஏழு பேர். துவாலுவில் லோட்டோவின் நுய் தீவில் மட்டும் பவுரோவின் பாஷை மாதிரியே பேசுவார்கள். ஆனாலும் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

லோட்டோ கடப்பாரையை எடுத்தான். பவுரோ குறுக்கே வந்து நின்றான்.

"உங்கிட்ட ஒண்ணு கேக்குறேன் லோட்டோ. உள்ள போகாத."

அவன் கேட்டது அவர்கள் ஊர் வழக்கமான புபுட்டி முறையில். அப்படிக் கேட்டால் உறவுக்காரன் மறுக்கக் கூடாது. வெளியாளிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

"அது சொந்தக்காரன்கிட்ட கேக்குறதுடா. நான் எப்போ உனக்குச் சொந்தமானேன்?"

"இப்பதான்."

லோட்டோ எங்களைப் பார்த்தான். "நாலு வருஷமா ஒரு சிகரெட் துண்டு கேட்டதில்ல. கேக்குறான் பாரு, இன்னிக்கு!" கடப்பாரை தரையில் விழுந்தது. "மறுக்க முடியாது பாஸ். சொந்தக்காரன் கேட்டுட்டான்."

"என்ன உளறல்? அடுத்தவன் வா!"

எங்களில் மற்ற ஆறு பேருக்கும் அந்த வழக்கம் கிடையாது. பவுரோ ஒவ்வொருவர் முன்னும் நின்று கேட்டான். லோட்டோ மொழிபெயர்த்தான். ஒவ்வொருவராகச் சம்மதித்துத் தலையசைத்தோம். கடைசி ஆள் மட்டும் கீழே கிடந்த கடப்பாரையை ஒருமுறை பார்த்தான். அவனுக்கு ஊரில் ஐந்து பிள்ளைகள். அவனும் தலையசைத்தான்.

"அத்தனை பேரையும் ஊருக்கு அனுப்புறேன்!" ஹார்லன் மேனேஜரை அழைத்துவரப் போனார்.

பவுரோ மண் விழுவதை நிறுத்தி, அடுப்பை அணைத்தான். உருளையைச் சுற்றவிட்டான். அது எங்கள் பிழைப்பும்தானே, அதை ஏன் வளையவிட வேண்டும்? வெறும் உருளையின் சத்தம் தணிந்து கத்தாமலே பேச்சுக் கேட்கும்படி ஆனது. நாங்கள் அதன் முன்னே வரிசையாக உட்கார்ந்தோம். ஆறு மணி நேரத்துக்குள் யாரும் உள்ளே போகப்போவதில்லை.

"சொந்தமாயிட்டோமே," என்றான் லோட்டோ. "உம் பொண்டாட்டி பேரென்ன?"

பவுரோ தொண்டையைச் செருமினான். பேர் சொன்னான். பிறகு பிள்ளைகளின் பேர்களையும் மூத்ததிலிருந்து சொல்லத் தொடங்கினான். மேனேஜரின் ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு வளைவில் திரும்பியது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"ம், மூணாவது?" என்று கேட்டான் லோட்டோ.